பன்றி வழக்கும் பிஸ்கட் டின்னும்

இங்கிலீஷ் நகைச்சுவை எழுத்தாளர் பி. ஜி. வுட்ஹவுஸ் லண்டனில் குடியிருந்த காலத்தில் தபால் பெட்டி வரை நடக்கப் பஞ்சிப்படுவாராம். கடிதத்தை எழுதி, உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, மாடி ஜன்னலால் வீதியில் எறிந்துவிடுவார். போகிற வருகிற ஆள் யாராவது எடுத்துத் தபாலில் சேர்ப்பார் என்று நம்பிக்கை. ஒன்றும் தவறியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம். இந்தக் கதையை எங்கேயோ வாசித்துவிட்டு வந்து வாப்பா எங்களுக்குச் சொன்னார். எங்கள் ஊர் எருக்கலம்பிட்டியில் அப்படி எறிந்தால் கழுதை தின்றுவிடும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார்.

மன்னார்த் தீவில் கழுதைக்குப் பஞ்சமில்லை. இப்போது நான் இருக்கிற கற்பிட்டிப் பக்கமும் அப்படித்தான். இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கு இடம்பெயர்ந்த மாதிரியே இல்லை.

நான் இருக்கிற எத்தாளையில் மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவில் மணல். அந்த மணலில்தான் வெங்காயமும் மிளகாயும் தென்னையும். சோளகம் எழும்பினால் மாதக்கணக்கில் கதவு ஜன்னல் அடித்துக்கொண்டே இருக்கும். தெற்கே நுரைச்சோலை அனல் மின் நிலையம். ஆடி, ஆவணியில் தலவில புனித அன்னம்மாள் கோயிலுக்கு நாடு முழுவதிலிருந்தும் சனம் பஸ் பிடித்து வரும். நான் இங்கே கல்யாணம் முடித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, கிணறும் வெட்டிவிட்டேன். எருக்கலம்பிட்டியில் இருந்ததைவிட இங்கே இருந்த காலம்தான் கூட. அதனால் வீட்டை நினைத்து, வேப்பமரத்தை நினைத்து உருகுகிற ஆள் இல்லை நான். எனக்குத் தேவைப்படுவது ஒரு பிஸ்கட் டின். அதில் இருந்த கடிதங்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவில் கொஞ்சம் கூடுதலான அவகாசம். ஆனால் போகிற வழி கடல். வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். புத்தளத்துச் சனம் சோறு தந்து, பள்ளிக்கூடத்தையும் தென்னந்தோட்டத்தையும் திறந்துவிட்டது. பிறகு கிடுகுக் கொட்டில், முகாம், நிவாரண அட்டை. இதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த டின்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அலுமாரிக்கு மேலே இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. உம்மா குர்ஆனையும் தையல் மெஷினின் தலைப்பாகத்தையும் எடுத்தா. வாப்பா பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்தார். கடிதத்தைச் சுமந்துகொண்டு கடல் கடக்க யாருக்குத் தோன்றும்?

வுட்ஹவுஸுக்கும் தோன்றவில்லை. 1940 மே மாதம் ஜெர்மன் படை பிரான்சின் லெ துகே கடற்கரைக்கு வந்தபோது அவர் மனைவி எதெலோடும் நாயோடும் அங்கேதான் இருந்தார். ஜூலையில் அறுபது வயதுக்குட்பட்ட அந்நிய ஆண்களைப் பிடித்தார்கள். அவருக்கு ஐம்பத்தெட்டு. பெட்டி கட்டச் சில நிமிடங்கள்தான். ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பை எடுத்தார், புகையிலை எடுத்தார், பென்சில் எடுத்தார். கடவுச்சீட்டை மறந்தார். எழுதிக்கொண்டிருந்த ஜீவ்ஸ் நாவலின் கையெழுத்துப் பிரதியும் வீட்டிலேயே கிடந்தது. உலகத்தையே சிரிக்கவைத்த மனிதர், அந்தச் சில நிமிடத்தில் எங்கள் தெருச் சனத்தைப் போலத்தான் நடந்திருக்கிறார். கடவுச்சீட்டுக்குப் பதிலாக ஷேக்ஸ்பியர். எங்கள் பக்கத்து வீட்டு மூத்தம்மா நகைக்குப் பதிலாக அம்மிக் குழவி.

அந்த டின்னுக்குள் இருந்தது யாழ்ப்பாணத்து மாமாவின் கடிதங்கள். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை, சைவக்காரர். வாப்பாவும் அவரும் ஆசிரிய பயிற்சிக் கலாசாலையில் ஒரே அறையில் இருந்தவர்கள், இருவருமே இங்கிலீஷ் வாத்திமார். வாப்பாவுக்கு வுட்ஹவுஸைப் பழக்கியது அவர்தான். அதற்கு முன் வாப்பா தேவன் ரசிகர், துப்பறியும் சாம்புவைத் தலைகீழாய் ஒப்பிப்பார். தேவனைத் தமிழின் வுட்ஹவுஸ் என்று யாராவது சொன்னால் வாப்பாவுக்குக் கோபம் வரும். நாற்பத்து நான்கு வயதுகூட ஆகாமல் 1957இல் போய்விட்ட மனிதருக்கு அவருடைய பெயரையே விட்டுவையுங்கள் என்பார். எனக்கும் அதே எண்ணம்தான்.

கலாசாலை முடிந்து பிரிந்த பிறகு மாமா ஒருமுறை தபாலில் ஒரு புத்தகம் இரவல் அனுப்பினார். ‘சம்மர் லைட்னிங்’, 1929இல் வந்த நாவல். பிளாண்டிங்ஸ் கோட்டைப் பிரபு எம்ஸ்வர்த் உயிரை வைத்து வளர்க்கிற பரிசுப் பன்றியை அவருடைய மருமகனே களவெடுக்கிற கதை. பன்றியின் பெயர் எம்ப்ரஸ், கறுப்பி, பெரும் உடம்புக்காரி. ஐந்து நேரம் தொழுகிற வீட்டுக்குப் பன்றிக் கதையை அனுப்பியது மாமாவின் குறும்பு. வாப்பா விழுந்து விழுந்து சிரிக்க, உம்மா என்ன கதை என்று கேட்டு, வாப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த நஜீஸுக்கா இந்தச் சிரிப்பு என்று உம்மா மூன்று நாள் அந்தப் புத்தகம் இருந்த அலுமாரியைத் துடைக்கவில்லை.

மாமா புத்தகத்தைத் திருப்பிக் கேட்டார். வாப்பா கொடுக்கவில்லை. அங்கே தொடங்கியது வழக்கு. மாமா சட்டத்தரணி நோட்டீஸ் பாணியில் இங்கிலீஷில் எழுதுவார்: இன்ன திகதியில் கையளிக்கப்பட்ட ஒரு பன்றி, நல்ல தேக நிலையில், இன்றுவரை மீளளிக்கப்படவில்லை என்று. வாப்பா பதில் போடுவார். மாமா மறுப்பு எழுதுவார். இது வருடக்கணக்காக நடந்தது. மாமாவின் கடிதம் வந்தால் வாப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாய்விட்டு வாசித்து, எங்களுக்குத் தமிழில் சொல்வார். ஒரு கடிதத்தில் மாமா, முஸ்லிம் வீட்டில் பன்றி உண்ணாவிரதம் இருப்பதாக வரும் முறைப்பாட்டைத் தன்னால் ஏற்க முடியாது, அது தீனி மறுப்பது ஏற்கெனவே வேறொரு கதையில் வந்துவிட்டது, திருட்டு வாதம் என்று எழுதியிருந்தார். அதை வைத்து வாப்பா முன்பு என்ன எழுதியிருப்பார் என்று நாங்கள் ஊகித்துக்கொள்வோம்.

ஊகித்துக்கொள்வோம். அவ்வளவுதான். இது எனக்கு உறைக்க நெடுங்காலம் சென்றது. டின்னுக்குள் இருந்ததெல்லாம் மாமாவின் எழுத்து. வாப்பா எழுதியதில் ஒரு வரிகூட அதற்குள் இல்லை. அவை தபாலில் ஏறி யாழ்ப்பாணம் போய்விட்டன.

சில வருடங்களுக்கு முன் லண்டனில் இருக்கிற மச்சான் ஊருக்கு வரும்போது ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தார். சோபி ராட்கிளிஃப் தொகுத்து 2011இல் வெளிவந்த வுட்ஹவுஸின் கடிதங்கள். அதற்கு முன்பே பிரான்ஸிஸ் டொனால்ட்சன் ஒரு தொகுப்புப் போட்டிருக்கிறார். அது வெளியான வருடம் 1990. நாங்கள் டின்னை விட்டுவந்த அதே வருடம் வேறொருவருடைய கடிதங்கள் அட்டை போட்டுக் கடைக்கு வந்திருக்கின்றன. எரிச்சல் வருமா வராதா?

கடிதங்களை வாசிக்க வாசிக்க எனக்கு வுட்ஹவுஸைவிட டவுன்எண்ட் மேல் மரியாதை கூடியது. வில்லியம் டவுன்எண்ட், டல்விச் கல்லூரியில் வுட்ஹவுஸோடு ஒரே அறையில் இருந்து படித்தவர். அவரும் எழுத்தாளர்தான், கடல் கதைகள் எழுதினார், பெரிதாகப் போகவில்லை. வுட்ஹவுஸ் அவருக்குப் பணம் உதவினார், பத்திரிகை ஆசிரியர்களிடம் சிபாரிசு பிடித்தார், கதைக் கரு கொடுத்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் கடிதமும் எழுதினார். டவுன்எண்ட் செய்த பெரிய காரியம், அவற்றை வைத்திருந்தது. 1953இல் ‘பெர்ஃபோமிங் ஃபிளீ’ என்று அவை புத்தகமானபோது வுட்ஹவுஸ் பழைய கடிதங்களைத் திருத்தினார், புதிதாகச் சோடித்தார், பகிடிகளைப் பின்னால் செருகினார். சொந்தக் கடிதத்தையே நாவல்போலத் திருத்துகிற ஆள். ஆனால் அசலை டவுன்எண்ட் வைத்திருந்தபடியால் பிற்காலத்தவர் கள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி அதே ஊர்க்காரர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்தது, கி.ரா. அவற்றைப் பத்திரப்படுத்தியதால்தான். புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதியவையும் அப்படித்தான். அந்த அம்மா வைத்திருந்தா. எழுதியவரின் குரல் எப்போதும் வேறொருவரின் பெட்டியில்தான் கிடக்கிறது.

வுட்ஹவுஸின் பிள்ளைப் பருவத்தைப் பற்றி வாப்பா அறிந்திருந்தாரா தெரியாது. அறிந்திருந்தால் அவர் விடாமல் பேசியிருப்பார். வுட்ஹவுஸ் 1881இல் பிறந்தவர், தகப்பன் ஹொங்கொங்கில் நீதவான். பிள்ளைகளை இங்கிலாந்தில் செவிலிகளிடமும் விடுதிகளிலும் மாமிமார் பெரியம்மாமாரிடமும் விட்டுவிட்டுத் தாய் தகப்பன் கடல் கடந்துவிட்டார்கள். மூன்று வயது தொடங்கிப் பதினைந்து வயதுவரை பெற்றோரைக் கண்டது எல்லாம் சேர்த்து ஆறு மாதம் அளவில்தான் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கதைகளில் ஏன் தாய்மார் இல்லை, மாமிமார் மட்டும் படை படையாக வருகிறார்கள் என்று இப்போது விளங்குகிறது. டல்விச்தான் அவருடைய முதல் வீடு. ஒக்ஸ்ஃபோர்ட் போக இருந்தார். தகப்பனின் ஓய்வூதியம் ரூபாயில் வந்துகொண்டிருந்தது, ரூபாயின் மதிப்பு ஆடிக்கொண்டே இருந்தது. ஆக 1900இல் ஹொங்கொங் ஷங்ஹாய் வங்கியின் லண்டன் கந்தோரில் குமாஸ்தா. ரூபாய் விழுந்தால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று இலங்கைக்காரனுக்கு விளக்கம் தேவையில்லை. ஒக்ஸ்ஃபோர்ட் போன தமையன் ஆர்மின் பிறகு பிரம்மஞான சபைக்காரராகி இந்தியாவில் பேராசிரியராக இருந்தார், ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு ஆசிரியராகவும் இருந்தார். ஒரே வீட்டில் ஒருவர் ஜகத்குருவைத் தயார்படுத்த, மற்றவர் பன்றியைக் கொழுக்கவைத்தார். நிலைத்தது பன்றி.

பெர்லின் வானொலி விவகாரத்தைத் தாண்டிப் போக முடியாது. பிடித்துக்கொண்டுபோன வுட்ஹவுஸை மேல் சிலேசியாவில் டோஸ்ட் என்ற ஊரில், பைத்தியக்கார ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே இருந்தபடியே ஒரு நாவலை முடித்தார். 1941 ஜூனில், அறுபது நிறைய நான்கு மாதம் இருக்கும்போது, விட்டார்கள். உடனே ஜெர்மன் வானொலியில் ஐந்து பேச்சுக்கள் பேசினார். அப்போது போரில் இறங்காதிருந்த அமெரிக்காவில் உள்ள வாசகர்களுக்கு, சிறை வாழ்க்கையைப் பற்றிப் பகிடியாக. குண்டு விழுந்துகொண்டிருந்த இங்கிலாந்துக்கு அது பகிடியாகப் படவில்லை. பிபிசியில் ஒருவர் அவரைத் துரோகி என்று கிழித்தார். சில நூலகங்கள் புத்தகங்களை ஒதுக்கின. ஜோர்ஜ் ஓர்வெல் 1945இல் அவருக்காக வாதாடினார். பிரித்தானிய உளவுத்துறைக்காக விசாரித்த கசென் என்ற அதிகாரியின் அறிக்கை அவர் குற்றவாளி இல்லை என்ற பக்கமே சாய்ந்தது. ஆனால் அந்த அறிக்கை வெளியானது 1980இல். வுட்ஹவுஸ் செத்து ஐந்து வருடம் கழித்து. வந்தால் பிடிக்கமாட்டோம் என்ற வாக்கை யாரும் கடைசிவரை தரவில்லை. 1947இல் அமெரிக்காவுக்குப் போனவர் இங்கிலாந்து மண்ணை மறுபடி மிதிக்கவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், அவர் மடைத்தனம் செய்தார். போரில் எந்தப் பக்கத்து மைக்கில் பகிடி விடுகிறோம் என்று பார்க்கத் தெரியாத மடைத்தனம். வடக்கிலும் கிழக்கிலும் எழுபது, எண்பதுகளில் வளர்ந்த எவருக்கும் இது பாடமாகத் தெரியும். வாயை மூடுவதற்குப் பத்து வயதிலேயே பழகினோம். ஆனால் மடைத்தனத்துக்கு வாழ்நாள் நாடுகடத்தல் என்பது அதிகப்படியான கூலி.

கடிதங்களில் அவர் இதைப் பற்றிப் புலம்பவில்லை என்பதுதான் என்னைப் பிடித்து இழுத்தது. எதெலின் மகள் லியோனோராவைத் தன் மகளாகத் தத்தெடுத்து வளர்த்தார். ஸ்நோர்க்கி என்று செல்லப் பெயர். அவளுக்கு எழுதிய கடிதங்களில்தான் அவர் முழுக்க உயிரோடு இருக்கிறார். நாடகம் ஓடியதா, நாய் என்ன செய்தது, வருமான வரிக்காரன் என்ன கேட்டான், எல்லாம் அவளுக்குச் சொல்லியாக வேண்டும். 1944 மேயில், சின்னதொரு சத்திர சிகிச்சைக்குப் பிறகு, அவள் நாற்பது வயதில் இறந்தாள். பாரிஸில் இருந்த தகப்பனுக்குச் செய்தி தாமதமாகத்தான் போனது. சொன்னவர் மல்கம் மகரிட்ஜ். கேரளத்தின் ஆலுவாக் கல்லூரியில் இளவயதில் படிப்பித்த அதே மகரிட்ஜ், அப்போது உளவுத்துறை அதிகாரி. அவளுக்குச் சாவு கிடையாது என்று எண்ணியிருந்ததாக மட்டும் வுட்ஹவுஸ் சொன்னாராம். அதற்கு மேல் கடிதத்திலும் அதிகம் இல்லை. நாய்க்கு எப்படிச் சாப்பாடு தேடுவது என்பதற்கு மாறிவிடுகிறார்.

இந்த மாறுதல் எனக்குப் பழக்கமானது. முகாமில் இருந்த முதல் வருடங்களில் வாப்பா வீட்டைப் பற்றியோ தோட்டத்தைப் பற்றியோ வாய் திறக்கமாட்டார். எருக்கலம்பிட்டிக்காரர் யாரைக் கண்டாலும் அவருக்கு ஒரே விசாரணை: எங்கள் பாடசாலையின் உதைபந்தாட்ட அணியில் கோல் காப்பாளனாக நின்ற பெடியன் இப்போது எந்த முகாமில்? முன்னணியில் விளையாடியவன் எங்கே? ஆட்கள் குழம்பிப்போவார்கள். உண்ண வழியில்லை, இந்த மனிதர் பந்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று. வுட்ஹவுஸின் கடிதங்களிலும் டல்விச்சின் ரக்பியும் கிரிக்கெட்டும் பக்கம் பக்கமாக வருகின்றன. எழுபது தாண்டியும், நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் ரெம்சன்பர்க் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடப் பெடியன்கள் யாரை வென்றார்கள் என்று அறியத் துடிக்கிறார். 1939 ஜூலையில் அவர் கடைசியாக இங்கிலாந்து போனதும் டல்விச்சின் கிரிக்கெட் ஆட்டம் பார்க்கத்தான். 1975 புத்தாண்டில் சேர் பட்டம் கொடுத்தார்கள். பெப்ரவரி 14ஆம் திகதி ஆஸ்பத்திரியில் முடிந்தார், தொண்ணூற்று மூன்று வயது. பக்கத்தில் பாதி எழுதிய பிளாண்டிங்ஸ் நாவல். அதிலும் அந்தப் பன்றி இருக்கிறது.

போர் முடிந்த பிறகு எருக்கலம்பிட்டிக்குப் போனேன். சுவர் நின்றது, கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை. அலுமாரியைத் தேடுவது அர்த்தமில்லை என்று தெரிந்தும் அது நின்ற மூலையைப் பார்த்தேன். இப்போது அங்கே திரும்பிப்போனவர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள், பள்ளிவாசல் நிறைகிறது. நல்லது. எனக்கு அங்கே தேட ஒன்றும் இல்லை. வாப்பாவின் குரல் எருக்கலம்பிட்டியில் ஒருநாளும் இருக்கவில்லை. இருந்திருந்தால் அது வலிகாமத்தில், மாமாவின் வீட்டில் இருந்திருக்க வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி அந்தச் சனமும் இரவோடு இரவாக, மழையில், தென்மராட்சிக்கு நடந்தது. யாழ்ப்பாண முஸ்லிம்கள் துரத்தப்பட்டு ஐந்து வருடம் நிறைந்த அதே நாள். மாமா அப்போது தன்னுடைய எந்தப் பெட்டியை எடுத்தார், எதை அலுமாரி மேல் விட்டார்?

வாப்பாவுக்கு அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் பன்னிரண்டு வருடம் போனது. 2002இல் சமாதான ஒப்பந்தம் வந்து ஏ-9 பாதை திறந்த பிறகு, அடுத்த வருடம், பள்ளிவாசல் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. யாரோ புத்தளத்துக்காரர் மூலம் நாங்கள் எத்தாளையில் இருப்பதை விசாரித்து அறிந்திருக்கிறார். பள்ளிவாசல் மோதினார்தான் கொண்டுவந்து தந்தார். நான் வாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுகம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு பன்றி இன்றுவரை மீளளிக்கப்படாத விஷயம் தொடர்பாக என்று தொடங்கியது. கால தாமதத்துக்கு நாளொன்றுக்கு ஐம்பது சதம் தண்டப் பணம், வட்டி தனி. பிரதிவாதி கடல் மார்க்கமாகத் தப்பியோடியதாக நீதிமன்றத்துக்குத் தகவல் கிடைத்துள்ளது.

வாப்பா வாசித்தார், சிரித்தார், பிறகு எழுந்து முற்றத்துக்குப் போய் நெடுநேரம் கிணற்றடியில் முகம் கழுவினார். உம்மா என்னவென்று கேட்டா. மறுபடியும் அந்த நஜீஸ்தான் என்றார். உம்மா முதல் தடவையாக அந்தப் பன்றிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பதில் எழுத அவருக்கு ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. கொப்பித் தாள்களில் எழுதிக் கிழித்து, மறுபடி எழுதினார். தண்டப் பணத்துக்கு லீப் வருடத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று என்னிடம் கேட்டார். பன்றி கடலில் வாந்தி எடுத்ததா என்றும் கேட்டார். நான் பார்க்கட்டுமா என்றேன். பெரியவர்களின் வழக்கில் உனக்கென்ன வேலை, வாப்பா தாளை மடித்துக்கொண்டார். கிழித்த தாள்களை உம்மா அடுப்புக்குப் போட்டுவிட்டா. கடிதம் கற்பிட்டித் தபாற்கந்தோரிலிருந்து போனது. அதற்குப் பிறகும் சில கடிதங்கள் போய் வந்தன. சண்டை திரும்பத் தொடங்கியதும் நின்றது.

இப்போது இருவரும் இல்லை. மாமா கடைசிக் காலத்தில் கனடாவில் பிள்ளைகளோடு இருந்ததாக அறிந்து, ஒருவர் மூலம் முகவரி பிடித்து, போன நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவருடைய மகளுக்கு எழுதியிருக்கிறேன். எங்கள் வாப்பாவின் கடிதங்கள் உங்கள் அப்பாவின் சாமானுக்குள் ஏதாவது இருந்தால், அசல் வேண்டாம், ஃபோட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்று. இன்னும் பதில் இல்லை. தகப்பனின் பிள்ளையாக இருந்தால் முதலில் பன்றியைக் கேட்பார். கொழும்பில் பழைய புத்தகக் கடைகளில் ‘சம்மர் லைட்னிங்’ ஒரு பிரதி தேடச் சொல்லியிருக்கிறேன்.